பேன் சட்டையும் கத்தரிக்கோலும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, இந்தக் குளிரிலும் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் மினியாபொலிஸ் தமிழ் மக்களே, வணக்கம். ஐந்து நிமிடம்தான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

‘பாட்டி நம் மனதில் நிற்பது கைமணத்தாலா, கைவேலையாலா?’ நான் கைவேலை கட்சி. கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை, கைமணம் அணியில் இடம் காலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் நார்வே வம்சம். அவருடைய பாட்டி 1950களில் செட்டெஸ்டால் பள்ளத்தாக்கிலிருந்து கப்பலேறி மினசோட்டாவுக்கு வந்தவர். நார்வே மொழியில் அம்மா ‘மொர்’, அம்மாவைப் பெற்றவர் ‘மொர்மொர்’. நம் அம்மம்மா மாதிரியே இல்லை? அதனால் எனக்கும் அவர் மொர்மொர்தான்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? “சகோதரி வீட்டில் பாட்டி பின்னிய பேன் சட்டை இருக்கிறதாம். பேன் பார்க்கிற பாட்டியைத் தெரியும், பேன் பின்னுகிற பாட்டியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்!” நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, அந்தச் சட்டைக்குப் பெயரே லூசகோஃப்தே. ‘லூஸ்’ என்றால் அங்கே பேன், நம்மூரில் வேறு. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை! கறுப்புக் கம்பளியில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக வரும். அந்த வெள்ளை நூல் புள்ளிக்குப் புள்ளி சட்டையின் உள்பக்கமாகவே ஓடும். ஆக, துணி இரட்டைக் கனம். அந்தப் பேன்தான் அண்ணே ஹீட்டர்! இன்னொன்று. பழைய சட்டைகளில் இடுப்புக்குக் கீழே சாயமே இருக்காது. கால்சட்டைக்குள் செருகும் இடத்துக்கு எதற்குச் சாயம் என்று விட்டுவிடுவார்களாம். சிக்கனத்தில் நம் பாட்டிகளுக்கு அக்கா முறை.

சமையல்தான் பெரிது என்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். நார்வேயை நாஜிகள் பிடித்துவைத்திருந்தபோது ஜனங்கள் எதிர்ப்பைக் காட்டச் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டார்கள். 1942 பிப்ரவரியில் அந்தத் தொப்பிக்கே தடை வந்தது. ஒரு பாட்டி பின்னுகிற தொப்பியைப் பார்த்து ராணுவம் பயந்திருக்கிறது. உப்புமாவைப் பார்த்து யாராவது பயந்து தடை போட்டிருக்கிறார்களா? பயந்தவர்கள் இருக்கலாம், தடை போட்டதில்லை.

சரி, கத்தரிக்கோலுக்கு வருகிறேன். கல்யாணமான புதிது. மொர்மொர் என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதமாக ஒரு சட்டை பின்னிக்கொண்டிருந்தார். தலையணை உறை மாதிரி ஒரே குழாய். ஒருநாள் அதைத் தையல் மெஷினில் கொடுத்து மேலும் கீழும் தையல் போட்டார். அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தார். என் கண் முன்னால், கர்ர்ரக்!

பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடியும் சொல்கிறேன். மூன்று மாத வேலை. கம்பளி. கத்தரிக்கோல். கர்ர்ரக்! நான் “ஐயோ!” என்று போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் மாடியிலிருந்து தலைதெறிக்க ஓடிவருகிறார், யாருக்கோ விரல் போய்விட்டது என்று. மொர்மொர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். “வெட்டாமல் கை எப்படி நுழையும்?”

அவ்வளவுதான்! அங்கே கைகளுக்கு வழிவிடுவதே அப்படித்தானாம். இரண்டு தையலுக்கு நடுவே வெட்டினால் கம்பளி இழை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், அவிழாது. வீட்டில் இரண்டு பேர் முகம் திருப்பிக்கொண்டால் இன்றைக்கும் யாராவது ஒருவர் “கர்ர்ரக்” என்போம். சண்டை முடிந்தது.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் அண்ணே, நான் தலைப்பை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டேன், எனக்கே தெரிகிறது. மொர்மொர் சுடுகிற லெஃப்சே எனக்கும் பிடிக்கும். உருளைக்கிழங்குச் சப்பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனபின் அவர் எழுதிவைத்தபடியே நானும் சுட்டேன். வரவில்லை.

அவர் கூடையில் என் மகனுக்கு என்று ஒரு ஜோடிக் கையுறை இருந்தது. ஒன்று முடிந்திருந்தது. இன்னொன்று கட்டைவிரல் வரை வந்து, ஊசியோடு நின்றிருந்தது. நான் அதுவரை பின்னல் ஊசியைத் தொட்டதில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கற்றேன். அவர் விட்ட இடத்திலிருந்து பின்னினேன். அவர் கை இளக்கம், என் கை இறுக்கம். சேர்ந்த இடத்தில் கோடு மாதிரி தெரியும். பிரித்துத் திரும்பப் போடலாமா என்று மகனிடம் கேட்டேன்.

ஐந்து வயசு அப்போது. கையை விரித்துக் காட்டி, அந்தக் கோட்டில் விரலை வைத்தான். “இது வரைக்கும் மொர்மொர். இதுக்கு மேல அம்மா. பிரிக்காத.”

மணி அடிச்சாச்சு நடுவர் அவர்களே. வணக்கம்.