"பெரிய கேம்" கேக்காதீங்க, நாலு நம்பர் கேளுங்க | அம்பாசடர் 1489 பெட்ரோல்

வணக்கம் மக்களே. இன்னைக்கு வண்டி ஓட்டம் கிடையாது. பானெட் திறந்தே கிடக்கட்டும், நீங்க இந்த மேசையைப் பாருங்க. இதுதான் பார்சல்ல வந்த கேம்ஷாஃப்ட், இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடுத தண்டு. பெட்டி மேல ஒரு ஸ்டிக்கர். கேமராவுக்குக் கிட்ட காட்டுதேன். "280". அவ்வளவுதான் எழுதியிருக்கு. உள்ளயும் தேடியாச்சு, பிளாஸ்டிக் உறையை உதறியும் பார்த்தாச்சு, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வால்வு 280 டிகிரி திறந்திருக்கும்னு அர்த்தம், சரி, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுத 280? எந்த லிஃப்ட்ல, அதாவது எவ்வளவு உயரம் தூக்குனதுல இருந்து அளந்த 280? சவத்தை, எனக்கு இதுதான் எரிச்சல்!

டைமிங் செயின் வீடியோவுக்குக் கீழ பாதிப் பேரு "அண்ணே, இருக்கதுலயே பெரிய கேம் எது"ன்னுதான் கேட்டிருக்கீங்க. இப்படிக் கேட்டா இப்படி ஸ்டிக்கர்தான் வரும். நீங்க கேக்க வேண்டியது நாலு நம்பர். உள்ள இழுக்குத இன்லெட் வால்வு எப்பத் திறக்கு, எப்ப மூடுது. புகையை வெளியே விடுத எக்ஸாஸ்ட் வால்வு எப்பத் திறக்கு, எப்ப மூடுது. அந்த நாலுல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கும்னா, இன்லெட் மூடுத நம்பரைத்தான் கேப்பேன். ஏன்னு சொல்லுதேன்.

5, 45, 40, 10. இது ஒரு சாதுவான கேம். டிகிரி எல்லாம் பிஸ்டனை ஆட்டுத கிராங்க் தண்டோட சுத்துல. இன்லெட் பிஸ்டன் மேல வர 5 டிகிரி முன்னாடி திறந்து, கீழ போய்த் திரும்பி 45 டிகிரி ஏறுன பிறகு மூடுது. 5, 180, 45 கூட்டுங்க, 230, இதுதான் டியூரேஷன். எக்ஸாஸ்ட்டும் அதே 230. ரெண்டும் சேர்ந்து திறந்திருக்க நேரம், அதாவது ஓவர்லாப், 15 டிகிரி. இப்ப எம்.ஜி.பி.ங்கற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட பழைய ஸ்டாண்டர்டு கேம், 16, 56, 51, 21. அதுவும் நம்ம இன்ஜின் குடும்பந்தான், பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ். கூட்டுனா 252, ஓவர்லாப் 37. ரெண்டு கேம்லயும் இன்லெட் முழுசாத் திறக்க உச்சம், பிஸ்டன் மேல வந்து 110 டிகிரி தாண்டினப்பதான் வருது. உச்சம் நகரவே இல்லை, ரெண்டு பக்கமும் 11, 11 டிகிரி அகலமாகியிருக்கு, அவ்வளவுதான். நான் நம்பரைத்தான் எடுக்கேன், அந்த கேமையே வாங்கி மாட்டுங்கன்னு சொல்லலை. பம்ப் டிரைவு, டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவு பொருந்துதான்னு தனியாப் பார்க்கணும்.

அந்த 45, 56 ஆனா என்ன ஆகுது? நம்ம ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குத தூரம், 88.9 மி.மீ. ஆனா இன்லெட் மூடுத வரைக்கும் அமுக்கம் ஆரம்பிக்காதுல்லா? 45-ல மூடுனா பிஸ்டனுக்கு மிச்சம் 78.9 மி.மீ. 56-ல மூடுனா 73.5. 70-ல மூடுத ரேஸ் ரகம்னா 65 மி.மீ.தான். உங்க ஹெட்டு 7.2 கம்ப்ரஷன், அதாவது அமுக்க விகிதம் 7.2-க்கு 1-ன்னு வச்சிக்கிடுங்க. நிஜத்துல கிடைக்கது முதல் கேம்ல 6.5, ரெண்டாவதுல 6.1, மூணாவதுல 5.5. அந்த 5.5-ஐ வச்சிக்கிட்டு வண்ணாரப்பேட்டை சிக்னல்ல கிளட்ச் விட்டா வண்டி செத்த மாதிரி நகரும். கேம் கெட்டதுன்னு இல்லை, கம்ப்ரஷன் இல்லாத இன்ஜின்ல போட்டதுதான் தப்பு.

அதனால 252 போடுதீங்கன்னா கம்ப்ரஷனை 7.7 பக்கம் கொண்டு வாங்க, பழைய 6.5 திரும்பக் கிடைச்சிரும். அதுக்கு சேம்பர்ல, அதாவது ஹெட்டுல பெட்ரோல் எரியுத குழியில, ஒரு சிலிண்டருக்கு 4-ல இருந்து 4.5 சி.சி. குறைக்கணும். எத்தனை மி.மீ. ஹெட்டை உரசணும்னு கண் மதிப்புல சொல்லாதீங்க. சேம்பர் மேல கண்ணாடித் தகடு வச்சு, பியூரெட்டால (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) மண்ணெண்ணெய் ஊத்தி நாலையும் அளங்க. அளந்துட்டு லேத்துக்குக் கொண்டு போங்க.

அடுத்தது ஆர்.பி.எம். உங்க டிஃபரன்ஷியல் விகிதம் 4.55, டயர் ஒரு சுத்துக்கு 2 மீட்டர் உருளும்னா, நாலுவழிச் சாலையில 80-ல போறப்ப டாப் கியர்ல இன்ஜின் 3000 சுத்தும். கயத்தாறு போனாலும் நாங்குநேரி போனாலும் நீங்க வாழுற இடம் அந்த 2000-ல இருந்து 3500. அம்பை ரோட்டுல டவுன் பஸ்ஸுக்குப் பின்னாடி போனா அதுக்கும் கீழ. 4500-க்கு மேல உசுரு வருத கேமை வாங்கி நீங்க என்ன செய்யப் போறீங்க? நம்ம ஹெட்டுல வேற ரெண்டு சிலிண்டருக்கு ஒரு இன்லெட் வழிதான். சிலிண்டர் வெடிக்க வரிசை 1-3-4-2. ரெண்டாவது உறிஞ்சி முடிக்கும் முன்னாடி ஒண்ணாவது திறந்து அதே குழாய்ல இழுக்கும். மூணுக்கும் நாலுக்கும் அதே கதை. டியூரேஷன் கூடக்கூட இந்தப் பங்குச் சண்டை கூடும். என் முடிவு, தெருவுல ஓடுத 1489-க்கு 250-ஐ ஒட்டிய கேம் போதும்.

ஆனா ஜாக்கிரதை, இந்த 250 எந்த அளவுல? ஒருத்தர் வால்வு அசைய ஆரம்பிச்சதுல இருந்து அளப்பாரு, இன்னொருத்தர் 1.27 மி.மீ. லிஃப்ட்ல இருந்து அளப்பாரு. ஒரே கேமுக்கு 40, 50 டிகிரி வித்தியாசம் சாதாரணமா வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா வாங்குத கேம் தப்பாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, பழைய கேமையே உரசிப் புது வடிவம் வெட்டித் தருவாங்கல்லா? நல்லா செய்யுத இடம் இருக்கு, நான் வேண்டாம்னு சொல்லலை. லோப்னா கேம்ல வால்வைத் தூக்குத மேடு. அதோட உயரம் கூட்டுததுக்கு மேடு இல்லாத அடிவட்டத்தைத்தான் குறைப்பாங்க. குறைச்ச அளவுக்கு, கேம் மேல உக்காந்திருக்க டேப்பெட் கீழ இறங்கிரும், அந்த அளவுக்கு நீளமான புஷ்ராடு (டேப்பெட்டுக்கு மேல நிக்குத தள்ளுகம்பி) வேணும். இல்லைன்னா வால்வை அமுக்குத ராக்கரோட கோணம் கெட்டு, வால்வு தான் ஓடுத குழாயான கைடை ஒரு பக்கமாத் தேய்க்கும். வெட்டுன பிறகு மேல் தோலைக் கெட்டியாக்குத நைட்ரைடிங் போட்டாச்சான்னும் கேளுங்க. போடலைன்னா மேல் தோல் போன லோப் சீக்கிரமே வட்டமாயிரும்.

சரி, ஒரு கேமை இன்ஜின்ல போட்ட பிறகு அது சரியான நேரத்துல திறக்கான்னு நாமளே அளக்கது எப்படின்னு பார்ப்போம். இதுக்கு டிகிரி டிஸ்க், அதாவது 360 டிகிரியும் குறிச்ச வட்டத் தட்டு வேணும். கடையில தகரத்துல ஆயிரத்துச் சொச்சம் சொல்லுதாங்க. இதைப் பாருங்க மக்களே, பாளையங்கோட்டையில ஏ3 தாள்ல எடுத்த பிரிண்ட், 20 ரூபா! 28 செ.மீ. விட்டம். சுத்தளவு 880 மி.மீ., அதை 360-ஆல வகுங்க, ஒரு டிகிரிக்கு 2.4 மி.மீ. கிடைக்குது. அரை டிகிரி கூடக் கண்ணுக்குத் தெரியும். பழைய சி.டி.ல ஒட்டுத ஆளுங்க இருக்கீங்க, அதுல ஒரு டிகிரிக்கு 1 மி.மீ.தான், வேண்டாம். ஆனா ஒரு வேலை கட்டாயம். பிரிண்டர் ஒரு பக்கமா இழுத்துரும், வட்டம் முட்டையாயிரும். ஸ்கேலை இப்படிக் குறுக்க ஒரு தடவை, நெடுக்க ஒரு தடவை வைங்க. இது 280 மி.மீ., இதுவும் 280 மி.மீ. பார்த்தியளா! முதல்ல எடுத்த தாள் நெடுக்க 283 வந்துச்சு, அதைக் கிழிச்சாச்சு. அந்த 20 ரூபாயும் சேர்த்து 40 ரூபா. அலுமினியத் தகட்டுல ஃபெவிகால் மெல்லிசாத் தடவி ஒட்டுங்க, தண்ணியா ஊத்துனா தாள் ஊறி விரியும்.

டிஸ்க்கை கிராங்க்ல மாட்டி, முதல்ல பிஸ்டனோட உச்சியைக் கண்டுபிடிக்கணும். புல்லியில இருக்க பழைய குறியை நம்பாதீங்க. பிளக் ஓட்டையில பிஸ்டனை முட்டி நிறுத்துத ஒரு ஸ்டாப்பர் போட்டு, கையால மெதுவா ஒரு பக்கம் முட்டுத வரைக்கும் சுத்தி எழுதுங்க. அந்தப் பக்கமும் அதே மாதிரி. ரெண்டுக்கும் நடுவுலதான் உச்சி. ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டன் உடையும். அப்புறம் ஸ்டாப்பரைக் கழட்டிருங்க.

டயல் கேஜை (நகர்வை முள்ளால காட்டுத அளவுகருவி) ஒண்ணாம் சிலிண்டர் இன்லெட் புஷ்ராடு மேல வைங்க. நம்ம ஹெட்டுல முன்னாடி இருந்து ரெண்டாவது வால்வு அது. முழு லிஃப்ட்ல ஜீரோ பண்ணுங்க. அந்த இடத்துல முள் ரொம்ப நேரம் அசையாம நிக்கும், அதனால அதையே உச்சம்னு எழுதக் கூடாது. உச்சத்துக்கு 1.27 மி.மீ. கீழ, ஏறும்போது ஒரு நம்பர், இறங்கும்போது ஒரு நம்பர். உதாரணமா 78-ம் 152-ம் வந்தா, கூட்டிப் பாதி, 115. கேமோட வர வேண்டிய விவரச் சீட்டு, அதாவது கார்டு, 110-ன்னு சொன்னா கேம் 5 டிகிரி லேட்டு. அப்ப 56-ல மூட வேண்டியது 61-ல மூடும், நாம ஹெட்டை உரசிச் சேர்த்த அமுக்கத்துல கொஞ்சம் அங்கயே போயிரும். பழைய செயின் நீண்டாலே இந்த லேட்டு வரும், அதுக்குத்தான் போன வீடியோவுல புதுச் செயின் போடச் சொன்னேன். இந்த லேட்டைச் சரி பண்ண கேமைக் கொஞ்சம் திருப்பிப் பொருத்துத ஆஃப்செட் சாவி வாங்குறப்ப கவனம், கிராங்க்ல 5 டிகிரின்னா கேம்ல 2.5 தான்.

இருங்க, லிஃப்டைச் சொல்லாம வந்துட்டேன். கார்டுல லோப் லிஃப்டா, வால்வு லிஃப்டான்னு பாருங்க. நம்ம ராக்கர் சுமார் 1.4 மடங்கு. லோப் 6.4 மி.மீ.ன்னா 8.96, அதுல டேப்பெட் இடைவெளி 0.38 கழிச்சா வால்வு 8.58 தான் திறக்கும். அந்த லிஃப்ட்ல ஸ்பிரிங் சுருள் ஒண்ணோடொண்ணு முட்டக் கூடாது, 1.5 மி.மீ. மிச்சம் இருக்கணும். ஹெட்டு உரசியிருந்தா பிஸ்டன் மேல பிள்ளைங்க விளையாடுத கலர்க் களிமண்ணை வச்சு, ரெண்டு சுத்து சுத்தி, வால்வு பதிஞ்ச இடத்தைப் பிளேடால வெட்டி அளங்க. இன்லெட்ல 2, எக்ஸாஸ்ட்ல 2.5 மி.மீ. இருந்தா நிம்மதி.

புது கேமுக்குப் புது டேப்பெட். இதுல பேரமே கிடையாது. லோப் லேசாச் சரிவா இருக்கும், டேப்பெட் அடி லேசாக் குமிழா இருக்கும், அப்பத்தான் டேப்பெட் சுழலும். பழையது தேஞ்சு தட்டையாயிருக்கும், சுழலாது, லோபைத் தின்னுரும். எட்டையும் பக்கவாட்டு மூடி வழியாப் போடலாம். லோப்ல மாலிப்டினம் பேஸ்ட் தாராளமாத் தடவுங்க. எண்ணெய் 20டபிள்யூ-50, துத்தநாகம் பாஸ்பரஸ் நல்லா இருக்கதா. புதுக் கார்களுக்கு வருத 5டபிள்யூ-30 ரகத்துல பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு இருக்கு, அது நம்ம டேப்பெட்டுக்குப் பத்தாது.

புது கேம் போட்டு முதல் தடவை ஸ்டார்ட் ஆன நிமிஷமே 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல ஏத்துங்க, 20 நிமிஷம் 2000-க்கும் 2500-க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கட்டும். ஐடில்ல விடாதீங்க, லோபுக்கு எண்ணெய் தெறிச்சுத்தான் போகும், சுத்து கம்மின்னா தெறிக்காது. கார்புரேட்டர்ல பெட்ரோல், ரேடியேட்டர்ல தண்ணி, இக்னிஷன் டைமிங் எல்லாம் முன்னாடியே சரி பார்த்துருங்க. பத்துத் தடவை செல்ஃப் அடிச்சா பேஸ்ட் எல்லாம் வழிச்சுப் போயிரும்.

அதுக்கு முன்னாடி டேப்பெட் இடைவெளி வைக்கது ஒன்பது கணக்குலதான், ரெண்டு வால்வு நம்பரையும் கூட்டுனா ஒன்பது வரணும். எட்டாவது வால்வு முழுசாத் திறந்திருக்கப்ப ஒண்ணாவதுக்கு இடைவெளி வைங்க, ஏழு திறந்தா ரெண்டு, ஆறு திறந்தா மூணு. புது கேமுக்கு இடைவெளி எவ்வளவுங்கது அந்தக் கார்டுலதான் இருக்கும். கார்டே இல்லாம வந்த இந்தப் பெட்டியை என்ன செய்ய? அனுப்புன கடைக்கு நாலு நம்பரும் இடைவெளியும் கேட்டு எழுதியாச்சு. பதில் வருத வரைக்கும் இது இன்ஜினுக்குள்ள போகாது. அதுக்குள்ள நீங்க டிஸ்க்கை அச்செடுத்து, குறுக்கயும் நெடுக்கயும் ஸ்கேல் வச்ச போட்டோவைக் கீழ போடுங்க, ஒவ்வொண்ணாப் பார்த்துச் சொல்லுதேன்.