சூட்டு வலியா, பிரசவ வலியா?

வணக்கம் தோழிகளே. ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் நிறைய பேர் என்னிடம் கேட்பது இதுதான்: "வலி வந்தால் எனக்குத் தெரிந்துவிடுமா அக்கா?" தெரிந்துவிடும். ஆனால் முதல் வலியிலேயே தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

முதல் குழந்தைக்கு, நடு இரவு 2 மணிக்கு இடுப்பைப் பிடித்து இழுத்தது. மாதவிலக்கு நேரத்தில் வருமே, அந்த மாதிரி. வயிற்றில் கை வைத்தால் கல் போல இறுகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், ஒருக்களித்துப் படுத்தேன். அடங்கிவிட்டது. அதுதான் சூட்டு வலி.

இரண்டு நாள் கழித்து வந்தது நடந்தும் போகவில்லை, படுத்தும் போகவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் நேரத்தைக் குறித்தேன். 12 நிமிடம், 10, 10, 8.

இதில்தான் பலர் தவறுகிறார்கள். வலி நின்றதிலிருந்து எண்ணக் கூடாது. ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ண வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் சுமார் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் போனால் கிளம்பலாம் என்பது முதல் பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இரண்டாவது பிள்ளை என்றால் அவ்வளவு நேரம் பொறுக்காதீர்கள், சட்டென்று ஆகிவிடும். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். 37 வாரம் முடியாமல் வலி விட்டு விட்டு வந்தால் கணக்கே வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

ரத்தக் கோடு ஓடிய கெட்டிச் சளி வந்தால் பதற வேண்டாம். கருப்பை வாயை அடைத்திருந்த சளி அது. அதற்குப் பிறகு வலி வரச் சில நாள்கூட ஆகலாம். மாதவிலக்கு போல ரத்தமாகப் பட்டால் அது வேறு. தாமதிக்கக் கூடாது.

அப்புறம் பனிக்குடம். குடம் கவிழ்ந்தது போலக் கொட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும், சிறுநீர் என்றே நினைத்துவிடுவோம். ஒரு பேட் வைத்துப் பாருங்கள். அடக்கினாலும் நிற்காது, சிறுநீர் வாடையும் இருக்காது. வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது.

"பிரசவம் நெருங்கினால் குழந்தை அசையாது" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள். கடைசி நாள் வரை அசைய வேண்டும். குறைந்தது போலத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கூச்சமா? என்னையும் அனுப்பினார்கள். காலையில் போனபோது கருப்பை வாய் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. சாயங்காலம் அதே பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். நர்ஸ் அக்கா ஒன்றுமே கேட்கவில்லை, கட்டிலைக் காட்டினார்.