குடத்தடிக் காவியும் அருமண் தனிமங்களும்

அவையோருக்கு வணக்கம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால், பிடித்தபோது தெளிந்திருந்த நீரின் அடியில் மறுநாள் காலையில் காவி நிறத்தில் மெல்லிய வண்டல் தங்கியிருப்பதை நம்மில் பலர் வீட்டில் பார்த்திருக்கிறோம். நிலத்தடியில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இரும்பு இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனியாகக் கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் இன்னோர் எலக்ட்ரானை இழந்து, நீரில் கரையாத ஆக்சிஹைட்ராக்சைடாக மாறி அடியில் இறங்குகிறது. அந்தக் காவியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அது தனியாக இறங்குவதில்லை. நீரிலிருந்த வேறு பலவற்றையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. அவற்றுள் லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான அருமண் தனிமங்களும், அவற்றோடு சேர்த்தெண்ணப்படும் இட்ரியமும் அடங்கும்.

அருமண் என்ற பெயர் சற்று ஏமாற்றுப் பெயர்தான். நிலவோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பின் அளவுக்கு இருக்கிறது. தண்ணீரில்தான் இவை உண்மையாகவே அரியவை. ஒரு லிட்டர் கடல்நீரில் நியோடிமியம் சில நானோகிராம் மட்டுமே தேறும். அந்த வறுமைக்கு இரும்பும் ஒரு காரணம்.

புதிதாக வீழ்படிவாகும் இரும்புக் கனிமமாகிய ஃபெரிஹைட்ரைட்டின் துகள்கள் மிகவும் நுண்ணியவை. அதில் ஒரு கிராமின் புறப்பரப்பு 200 சதுர மீட்டரைத் தாண்டும். சென்னைக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு மனை ஒரு சிட்டிகைத் தூளுக்குள் மடிந்து கிடக்கிறது. அந்தப் பரப்பெங்கும் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கின்றன. மூன்று நேர்மின்சுமையுள்ள அருமண் அயனி நெருங்கும்போது, அத்தொகுதி தன் புரோட்டானை நீரில் விட்டுவிட்டு, ஆக்சிஜன் வழியாக அந்த அயனியைப் பிணைத்துக்கொள்கிறது. இதை வெறும் மின் கவர்ச்சி என்று எண்ணுவது தவறு. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். என்ற அளவு குறையக் குறைய அமிலம் கூடும். பி.எச். 8 அளவுக்குக் கீழே அந்த இரும்புப் பரப்பே நேர்மின்சுமை கொண்டது. அது அயனியை விலக்கியிருக்க வேண்டும். ஆனாலும் பி.எச். 5-ஐத் தாண்டியதும் பிணைப்பு விறுவிறுவென்று கூடி, 7-ஐ நெருங்கும்போது பெரும்பகுதி பிடிபட்டுவிடுகிறது. மின்விலக்கலையும் மீறி நிகழ்வது வேதிப் பிணைப்பு.

பிணையும்போது புரோட்டான் வெளியேறுகிறது என்றேன். ஆகவே நீரில் புரோட்டான் மிகுந்திருந்தால், அதாவது நீர் அமிலமாக இருந்தால், பிணைப்பு பின்வாங்கும். ஸ்பெயினின் தென்மேற்கிலுள்ள ரியோ டின்டோ ஆற்றில் இதைக் கண்ணால் காணலாம். பழைய கந்தகக் கனிமச் சுரங்கங்களின் ஊடே வரும் அந்த ஆறு பி.எச். 2, 3 என்ற அளவில் சிவந்து ஓடுகிறது. அந்தப் பகுதியின் சுரங்க நீரில் ஷ்வெர்ட்மனைட் என்ற இரும்புக் கனிமம் ஏராளமாகப் படிந்தாலும், அருமண் தனிமங்கள் பெரும்பாலும் சல்பேட்டோடு அணைவுற்று நீரிலேயே தங்கிவிடுகின்றன. சுண்ணாம்புக்கல்லால் அந்நீரின் அமிலத்தைக் குறைக்கும்போது, இரும்பெல்லாம் படிந்து முடிந்த பிறகு, அலுமினியச் சேர்மம் வீழ்படிவாகும் கட்டத்தில்தான் அவை கீழே இறங்குகின்றன. அருகில் இரும்பு இருக்கிறது என்பதற்காகவே எல்லாம் அதனிடம் போய்விடுவதில்லை.

கடலில் போட்டி வேறு விதமானது. லாந்தனத்திலிருந்து லுட்டீசியத்துக்குப் போகப் போக அணுவின் எடை கூடுகிறது, அயனியின் ஆரமோ சுருங்குகிறது. எளிய உப்புக்கரைசலில் சோதித்தால், பொதுவாக இரும்பு கனமானவற்றையே கூடுதலாகப் பிடிக்கிறது. கடல்நீரிலோ கார்பனேட் குறுக்கே நிற்கிறது. அதுவும் கனமானவற்றையே இன்னும் இறுக்கமாக அணைத்து நீரில் நிறுத்திக்கொள்கிறது. அதனால் இலேசானவை துகளோடு போய்விட, கனமானவை ஒப்பளவில் மிஞ்சுகின்றன. இட்ரியமும் ஹோல்மியமும் ஒரே மின்சுமையும் ஏறக்குறைய ஒரே ஆரமும் கொண்ட இரட்டையர். பாறைகளில் அவற்றின் எடை விகிதம் சுமார் 28. கடல்நீரில் அது வெகுவாக உயர்ந்துவிடுகிறது, ஏனெனில் துகள் ஹோல்மியத்தையே விரும்பிப் பிடிக்கிறது. ஆரமும் மின்சுமையும் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று மாணவப் பருவத்தில் நம்பியிருந்த எனக்கு, இந்த ஒரு விகிதம் நல்ல பாடம் கற்பித்தது.

சீரியத்தின் கதை இவை எல்லாவற்றிலும் சுவையானது. மற்றவை மூன்று மின்சுமையோடு நின்றுவிட, சீரியம் மட்டும் ஆக்சிஜன் உள்ள நீரில் நான்காம் எலக்ட்ரானையும் இழக்கக் கூடியது. நான்கு மின்சுமை பெற்ற சீரியம் ஏறக்குறையக் கரையாதது. மற்றவை பரப்பில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இது ஏறிய இடத்திலேயே நிலைத்துவிடுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் மைக்கேல் பாவ் 1999-இல் வெளியிட்ட சோதனைகள், படிந்துகொண்டிருக்கும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடின் மேலேயே இந்த ஆக்சிஜனேற்றம் நிகழ்வதைக் காட்டின. மாங்கனீசு ஆக்சைடு இவ்வேலையில் இரும்பைவிடக் கெட்டிக்காரன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதனால் இன்றைய கடல்நீரில் அண்டைத் தனிமங்களான லாந்தனத்தோடும் பிரசியோடிமியத்தோடும் ஒப்பிட்டால் சீரியம் தெளிவாகக் குறைந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைகளில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் படிந்த பட்டை இரும்புப் பாறைகளில் அந்தக் குறைவு பெரும்பாலும் தென்படுவதில்லை. சீரியத்தை ஆக்சிஜனேற்றும் அளவுக்கு அன்றைய கடலில் ஆக்சிஜன் இருக்கவில்லை என்று அதிலிருந்து ஊகிக்கிறார்கள்.

இறுதியாக, இரும்பின் பிடிக்கு அகப்படாத ஓர் அருமண் தனிமத்தைச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சில நோயாளிகளுக்குச் செலுத்தப்படும் மருந்தில் கடோலினியம் இருக்கிறது. தனி அயனியாக இருந்தால் அது நஞ்சு. ஆகவே ஒரு கரிம மூலக்கூறு அதை எல்லாப் பக்கமும் சுற்றிப் பிடித்திருக்கிறது. சிறுநீரில் வெளியேறும் அது அதே கூண்டோடு கழிவுநீர் நிலையத்துக்கு வருகிறது. பாஸ்பேட்டை நீக்க இரும்பு உப்பைச் சேர்க்கும் நிலையங்கள் உண்டு. அங்கே இரும்பின் பரப்பு எவ்வளவு விரிந்து கிடந்தாலும், அது பற்றிக்கொள்ளக் கூண்டுக்குள்ளிருக்கும் கடோலினியத்தில் இடம் இல்லை. ஜெர்மனியின் ஆறுகளில் இதனால் உயர்ந்திருக்கும் கடோலினியத்தை பாவும் அவரோடு ஆய்ந்த டுல்ஸ்கியும் 1996-இல் அறிவித்தார்கள். பெர்லின் நகரம் தன் குடிநீரில் பெரும்பகுதியை ஆற்றங்கரை மணலின் ஊடே கசியவிட்டு எடுக்கிறது. இயற்கையான அருமண் அயனிகள் மணலில் பெரிதும் தங்கிவிடுகின்றன. மருந்துக் கடோலினியமோ அந்த மணலையும் கடந்து அந்நகரின் குழாய்த் தண்ணீர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.