ஹெச்.எம்.டி. வாட்சும் ஒரு வாசல் கேமராவும்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கம் ஆறடிக்கு எட்டடி கடை ஒன்றில் 22 வருடமாக மொபைல் ரிப்பேர் பார்க்கிறேன். அதற்கு முன்னால் அதே இடத்தில் என் அப்பா வாட்ச் ரிப்பேர் பார்த்தார். டிஜிட்டல் பொருள்களில் வாங்கியவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். வக்கீலைக் கூப்பிட்டிருக்க வேண்டிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது ஸ்க்ரூடிரைவர் பக்கத்துக் கதைதான், அதைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒரு கேமராவைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். வீட்டு வாசலில் மாட்டி, யார் வந்து நிற்கிறார்கள் என்று போனில் பார்ப்பதற்கான கேமரா. வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. பிரித்துப் பார்த்தேன். லென்ஸ் சுத்தமாக இருந்தது, சர்க்யூட் போர்டில் ஒரு துளி ஈரமில்லை, கரண்ட் சரியாக ஏறியது, வைஃபையும் பிடித்தது. நீல விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எதையோ தேடிக்கொண்டே இருந்தது. அவர் போனில் ஆப்பைத் திறந்தால், சேவை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. கம்பெனி தன் சர்வரை மூடிவிட்டது. முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், அது ஓசூரில் இருக்கும் மகனுடைய முகவரிக்குப் போயிருக்கிறது, அவர் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்.

“கேமரா கெட்டுப்போகலை ஐயா, அது பேசற இடத்தை மூடிட்டாங்க” என்றேன். அவர் பையிலிருந்து பில்லை எடுத்து மேசைமேல் வைத்தார். லேமினேட் செய்து வைத்திருந்தார். “இது நான் வாங்கினதுதானே தம்பி?”

எனக்குப் பதில் வரவில்லை. என் கையில் கட்டியிருந்த வாட்சைத்தான் பார்த்தேன். அது அப்பாவுடைய ஹெச்.எம்.டி. ஜனதா. தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும், மறந்தால் மறுநாள் நின்றுவிடும். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் இதே பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. 2016 ஜனவரியில் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொழிற்சாலை இருந்த ஜாலஹள்ளிப் பக்கம் வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு அது துக்கச் செய்தி. ஆனால் அன்றைக்கு ஊரில் ஒரு ஹெச்.எம்.டி. வாட்ச்கூட நிற்கவில்லை. கம்பெனி போன சேதி என் வாட்சுக்குத் தெரியவே தெரியாது. மெயின் ஸ்பிரிங் அறுந்தால் வேறொரு பழைய ஜனதாவிலிருந்து எடுத்துப் போடுகிறேன், அது பாட்டுக்கு ஓடுகிறது.

அதே 2016-இல், மே மாதம், அமெரிக்காவில் ரிவால்வ் என்ற கருவியை நிறுத்தினார்கள். வீட்டு விளக்கு, கதவு எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்க உதவும் சின்னப் பெட்டி, விலை 300 டாலர். அதைச் செய்த கம்பெனியைக் கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் 2014-இல் வாங்கியிருந்தது. ஒருநாள் சர்வரை அணைத்தார்கள், வீடுகளில் இருந்த பெட்டி அத்தனையும் வெறும் பிளாஸ்டிக் ஆனது. அங்கே கம்பெனி உயிரோடுதான் இருந்தது, பொருள்தான் செத்தது.

நம் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் ஒரு வரி வரும், கேட்டிருப்பீர்கள். “புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விற்கிரயங்களுக்கு உரித்தாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்.” பத்திரம் எழுதுகிறவர் மூச்சுவிடாமல் படிப்பார், நாம் தலையாட்டுவோம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்கு விடலாம், தானம் கொடுக்கலாம், விற்கலாம், யாரையும் கேட்காமல் அனுபவிக்கலாம். இப்போது போனில் ஒரு மின்புத்தகம் வாங்கும்போது ‘ஏற்கிறேன்’ என்று அமுக்குகிறீர்களே, அதற்குப் பின்னால் இருக்கும் பல பக்கங்களை இந்த வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விற்க முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் இருக்கும், உள்ளே இருப்பது உரிமம், அதாவது பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: கொடுப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது. பொருளைக் கொடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, பெயரைச் சரியாகச் சொல் என்கிறது. அதற்கே ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே காணாமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். என் மகள் பாடப்புத்தக ஓரங்களில் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 25 டாலர்தான் ஞாபகம் வருகிறது.

சரி, கையில் பிடிக்கிற பொருளுக்கு வருவோம். ஒரே மாடல், ஒரே நிறம், இரண்டு போன். ஒன்று தண்ணீரில் விழுந்து போர்டு போனது, இன்னொன்று கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தது. அப்பா காலமாக இருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை, இதிலிருந்து கழற்றி அதில் மாட்ட வேண்டியதுதான். நானும் அப்படித்தான் மாட்டினேன். இரண்டுமே கம்பெனி ஒரிஜினல். போன் எழுந்தது, எழுந்தவுடனே எச்சரித்தது: இந்த டிஸ்ப்ளே அசலா என்று உறுதி செய்ய முடியவில்லையாம். வெளிச்சத்துக்கு ஏற்றபடி நிறம் மாறும் வசதியும் போய்விட்டது. டிஸ்ப்ளேவுக்கும் போர்டுக்கும் தொழிற்சாலையிலேயே கல்யாணம் செய்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள், வேறு ஜோடி ஆகாது. அப்புறம் என்ன செய்தேன்? உடைந்த டிஸ்ப்ளேயைப் போர்டோடு இணைக்கும் பட்டையில் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு ஐ.சி., அதாவது சிப், இருக்கும். சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி வைத்து அதை எடுத்து, மாற்றிப் போட்ட டிஸ்ப்ளேயில் ஒட்டினேன். சூடு கொஞ்சம் கூடினால் பட்டையே கருகிவிடும். முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை, போனுடைய சொந்த ஒப்புதலை ஏமாற்றி வாங்குவதற்காக. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இப்படி ஜோடி சேர்ப்பதற்கு 2024-இல் தடைச் சட்டம் போட்டது.

இதில் கம்பெனிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். திருட்டு போனைப் பிரித்துப் பாகமாக விற்கும் வியாபாரம் இந்த ஊரில் இல்லையா? என் கடைக்கே வந்து கேட்டிருக்கிறார்கள். இப்படி ஜோடி சேர்த்துப் பூட்டுப் போட ஆரம்பித்தபிறகு அந்தக் கூட்டம் குறைந்தது, நானே பார்த்தேன். ஆனால் திருடனுக்குப் போடும் பூட்டின் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். கொத்தனாரே சாவியை வைத்துக்கொண்டால் அது யாருடைய வீடு?

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைக்கு வரும் வக்கீல் ஒருவர் போன் சரியாகும் வரை சொல்லிக்கொடுத்தார். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 14-ஆம் பிரிவு: வாங்கியவர் அந்தப் பொருளைத் தொந்தரவில்லாமல் வைத்து அனுபவிப்பார் என்பது விற்பவர் வாய்விட்டுச் சொல்லாமலே தரும் உறுதி. எழுதியவர்கள் வெள்ளைக்காரன் காலத்து ஆட்கள். விற்றபிறகும் விற்றவர் எங்கிருந்தோ அணைக்கக்கூடிய பொருளை அவர்கள் எங்கே நினைத்தார்கள்?

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குச் சிரிப்பை மூட்டியது. 2004-இல் மென்பொருள் சரக்கா இல்லையா என்று விற்பனை வரி வழக்கு உச்சநீதிமன்றத்தில் வந்தது. வட்டில் போட்டு விற்றால் அது சரக்குதான் என்றது நீதிமன்றம். பிறகு கர்நாடக உயர்நீதிமன்றத்திலிருந்து மேலே போன வழக்கில், 2021 மார்ச்சில், வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம், பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் தொகையான ராயல்டி ஆகாது, நடந்தது விற்பனைதான் என்று தீர்ப்பு. அதாவது வரி என்று வரும்போது விற்பனை என்ற வாதம் எடுபடுகிறது. நான் அதைத் திருப்பி விற்கிறேன் என்றால் மட்டும், இல்லை இல்லை, உனக்குக் கொடுத்தது உரிமம்தான் என்கிறது ஒப்பந்தம்.

கார் விஷயத்தில் ஒருமுறை கண்டித்திருக்கிறார்கள். உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மொபைலுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. போய்ப் பார்த்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் என்னைப்போன்ற தெருக்கடைக்காரனுக்கு உதிரிபாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் அது கட்டாயப்படுத்தாது.

பெரியவரிடம் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கொடுத்தேன். கூப்பிட்டுப் புகாரும் பதிவு செய்தார். அதற்குள் வாசலுக்கு ஒரு கேமரா வேண்டுமே, என்னையும் கூட்டிக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனார். கடைப்பையன் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தான். இரவில் தெரியும், ஆள் வந்தால் சத்தம் போடும், குரலுக்குப் பதில் சொல்லும் என்று வரிசையாக அடுக்கினான். “இன்டர்நெட் இல்லாம ஓடுமா?” என்று கேட்டேன். அவனிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது, உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்தான். கடைசியில் மெமரி கார்டு போடும் பழைய மாதிரி ஒன்றை அடித்தட்டிலிருந்து தேடி எடுத்தார்கள். விலையும் குறைவு.

அன்று சாயங்காலமே மாட்டினேன். பெரியவர் உள்ளே போய் ரௌட்டரின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இரண்டு பேரும் கேமராவுக்கு எதிரே ஒரு நிமிடம் சும்மா நின்றோம். பிறகு கார்டைக் கழற்றி என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். வயரைக் கையில் பிடித்தபடி அவர் நிற்பது நன்றாகவே பதிவாகியிருந்தது.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.