அந்தப் பதினாறு பேர்

நடுவர் அவர்களே, அல்சூர் ஏரிக்கரையில் கூடியிருக்கும் உறவுகளே, வணக்கம். தேர்தல் முடிவைத் தீர்மானிப்பவர்கள் வாக்களிக்காதவர்களே! இதுதான் எங்கள் அணி.

நேரே நம் பெங்களூர் ஜெயநகர் தொகுதிக்குப் போவோம். 2023 கர்நாடக சட்டமன்றத் தேர்தல். ராத்திரி வரை எண்ணி, மறுபடியும் எண்ணி, கடைசியில் சொன்ன கணக்கு: பாஜகவின் ராமமூர்த்தி 57,797. காங்கிரசின் சௌமியா ரெட்டி 57,781. கழித்துப் பாருங்கள். பதினாறு!

கல்யாணத்தில் 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று வாழ்த்துவோமே, அந்தப் பதினாறு! ஒருவர் பெற்றார், சட்டமன்றம் கூடும் விதான சௌதாவுக்குப் போனார். இன்னொருவர் பெறவில்லை, வீட்டுக்குப் போனார். பதினாறு பேர் என்றால் எவ்வளவு? பந்தியில் ஒரு வரிசைகூட நிரம்பாது ஐயா! அபார்ட்மெண்ட் லிஃப்ட் இரண்டு நடை இறங்கினால் பதினாறு பேர். ஒரே ஒரு மாடிக்காரர்கள் 'வெயில் தாழட்டும்' என்று உட்கார்ந்துவிட்டால் போதும், ஐந்து வருஷத்துக்கு எம்எல்ஏ வேறு ஆள்!

எதிரணி நண்பர் கேலி செய்தார்: "லீவு விட்டா பெங்களூர்க்காரன் நந்தி மலைக்குப் போயிடுவான். வராதவனை எதுக்குக் கணக்குல சேர்க்கிறீங்க?" நண்பரே, அந்த நந்தி மலைக்குப் பயந்துதானே மே 10, புதன்கிழமையாகப் பார்த்துத் தேர்தல் ஆணையம் தேதி வைத்தது! சனி ஞாயிறோடு சேர்த்துக் கிளம்பிவிடக் கூடாது என்று. வராதவனை ஆணையம் கணக்கில் சேர்க்கிறது. கட்சிக்காரரும் சேர்க்கிறார், வராத தெருவில் அவர் எதற்குக் கால் தேய நடக்கப் போகிறார்? நீங்கள் மட்டும்தான் விட்டுவிட்டீர்கள்! அத்தனை செய்தும், வாக்குப்பதிவில் மாநிலம் 73 சதவீதம் தாண்டியது, நம் பெங்களூர் 55ஐ ஒட்டி நின்றுவிட்டது. மனசு வலிக்கிறதா இல்லையா?

என் அம்மா இதே அல்சூரில் பூக் கட்டி விற்றவர். பள்ளிக்கூடம் போனதில்லை. தேர்தல் அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் கடை. "வியாபாரம் போகுதேம்மா" என்பேன். "நான் உக்காந்துட்டா, எதிர்ல நிக்கிறவன் ஓட்டு ரெண்டாயிடும்டா" என்பார். எங்கள் அணியின் மொத்த வாதத்தையும் அந்த ஒரு வரியில் சொன்னவர்.

கடைசியாக அவர் ஓட்டுப் போட்டபோது கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். மை வைக்க நீட்டிய விரலில், நாரிழுத்து நாரிழுத்துப் பள்ளமே விழுந்திருந்தது. திரும்பி வந்து பூக்கூடை முன்னால் உட்கார்ந்தார். மல்லிகையில் மை படக் கூடாதே என்று அந்த ஒரு விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் கட்டத் தொடங்கினார்.