சாத்தப்பட்ட கதவும் ஒரு மாதக் கெடுவும்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு, முற்பணம் எவ்வளவு என்ற பேச்சு எழும்முன்பே, "நீங்கள் எந்த ஊர், என்ன ஆட்கள்?" என்ற கேள்வி வருவது பழக்கமானதுதான். மறுமொழி பிடிக்காவிட்டால், வீடு ஏற்கெனவே கொடுபட்டுவிட்டதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். மூவினத்தவரும் வாழும் இந்நகரில், இது ஒரு தரப்பாரின் வழக்கம் மட்டுமே என்று சொல்வதற்கில்லை.

நியூயோர்க்கில் இத்தகைய முறைப்பாடுகளுக்கென்றே மாநகர நிர்வாகத்தின்கீழ் மனித உரிமைகள் ஆணைக்குழு ஒன்று இயங்குகிறது. இனம், மதம், குடிவரவு நிலை போன்ற காரணங்களால் வீடோ வேலையோ மறுக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் அங்கே முறையிடலாம். வேலைத்தலத்தில் பால்நிலை சார்ந்த தொந்தரவுக்கு ஆளானவருக்கு 3 ஆண்டுகள் அவகாசம் உண்டு. என்னைக் கவர்ந்தது, அவர்கள் சோதனையாளர்களை அனுப்பும் முறை. வருமானத்தில் ஒத்தும் பின்னணியில் வேறுபட்டும் இருக்கும் இருவர், ஒரே வீட்டைத் தனித்தனியே கேட்டுச் செல்வார்கள். ஒருவருக்கு இல்லை என்ற வீடு மற்றவருக்கு இருந்தால், அந்த வேறுபாடே சான்றாகிவிடும். பாரபட்சம் காட்டுபவர் அதைக் கடிதத்தில் எழுதியா தரப்போகிறார்? வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 250,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம்.

நம் நாட்டிலும் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழு உண்டு. அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. ஆனால், அடிப்படை உரிமை மீறலென்று அது விசாரிப்பது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களையே. அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை பாரபட்சம் காட்டக்கூடாத இடங்களாகக் கடைகளையும் உணவகங்களையும் விடுதிகளையும் குறிப்பிடுகிறது; வாடகை வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த இடைவெளியைச் சட்டம் இயற்றியே அடைக்க வேண்டும் என்பது என் கருத்து. பாலியல் தொந்தரவு மட்டும் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி எங்கு நடந்தாலும் குற்றமாகும். அதற்குப் பொலிஸில் முறையிடலாம்.

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதி, சிங்களத்தில் மட்டும் பதில் பெற்றவர்கள் ஆணைக்குழுவை நாடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே கெடு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கெடுவில் சேராது. ஆகவே, பதில் கடிதத்துடன் அது வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். தபால் முத்திரையில் திகதி இருக்கும்.