கம்பி போகும் தெரு யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கேபிள் டிவி என்றால் காம்காஸ்ட், சார்ட்டர், வெரைசான் என்று மலை போன்ற கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் பல மாநிலங்களில் அத்தனை பெரிய கம்பெனியும் ஒரு குக்கிராமத்துக்குள் கேபிள் இழுக்க வேண்டுமென்றால், அந்த ஊர் நிர்வாகக் குழுவின் முன்னால் வந்து நின்று உரிமம் கேட்க வேண்டும். நான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படியொரு சின்ன ஊரின் கேபிள் ஆலோசனைக் குழுவில் சில வருடங்கள் இருந்தேன். சம்பளம் கிடையாது. கூட்டத்துக்குக் கூட்டம் ஆறிப்போன காபிதான். அந்த உரிமத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஊருக்கு இந்த அதிகாரம் டிவியால் வந்ததல்ல, தெருவால் வந்தது. 1948-ஆம் ஆண்டு ஆரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற துறைமுக ஊரில் எட் பார்சன்ஸ் என்றொருவர் வானொலி நிலையம் நடத்தி வந்தார். சியாட்டிலில் புதிதாக டிவி ஒளிபரப்பு ஆரம்பிக்கிறது. அஸ்டோரியாவிலிருந்து அது 100 மைலுக்கு மேல், நடுவில் மலைகள் வேறு. பார்சன்ஸ் ஓட்டல் மொட்டைமாடியில் ஆன்டெனாவை வைத்து, அங்கிருந்து தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குக் கேபிள் இழுத்தார். தெருவைத் தாண்டினாரா, அங்கேதான் விஷயம். மொட்டைமாடி ஓட்டல்காரருடையது, வீடு அவருடையது, நடுவிலிருக்கும் தெரு ஊருக்குப் பொது. அதன் குறுக்கே கம்பி போக வேண்டுமென்றால் ஊரைத்தானே கேட்க வேண்டும்?

நம் நாட்டில் கதை வேறு. 1995-இல் கேபிள் சட்டம் வந்தபோது கேபிள்காரர் தலைமைத் தபால் நிலையத்தில் போய்ப் பதிவு செய்யச் சொன்னார்கள். ஊராட்சித் தலைவரைக் கேட்கச் சொல்லவில்லை. சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

அதிகாரம் இருக்கிற இடத்தில் கவரும் வந்துவிடும். பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை நகரம். 1966-இல் அங்கே கேபிள் உரிமத்துக்குப் போட்டி. டெலிபிராம்ப்டர் கம்பெனியின் தலைவர் இர்விங் கான், மேயருக்கும் இரண்டு மன்ற உறுப்பினர்களுக்குமாகச் சேர்த்து 15,000 டாலர் கொடுத்தார். உரிமமும் கிடைத்தது. 1971-இல் வழக்கு வந்தபோது அவர் சொன்ன பதில் சுவாரசியமானது: "நான் லஞ்சம் கொடுக்கவில்லை, அவர்கள் என்னை மிரட்டிப் பறித்தார்கள்." நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அன்றைக்கு நாட்டிலேயே பெரிய கேபிள் கம்பெனிகளில் ஒன்றின் தலைவர் ஜெயிலுக்குப் போனார். கானின் பேச்சை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். மன்றத்தில் சில ஓட்டுகள் கிடைத்தால் ஒரு நகரம் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்றால், கொடுப்பவருக்கும் கை நீளும், வாங்குபவருக்கும் நீளும்.

எழுபதுகளின் கடைசியில் பெரிய நகரங்களுக்குக் கேபிள் வந்தபோது இது வேறு உருவம் எடுத்தது. உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்குக் கம்பெனியில் மலிவாகப் பங்கு கொடுத்து, அவர்களையே மன்றத்தில் பேச வைத்தார்கள். கூடவே வாக்குறுதிகள். நூலகத்துக்கு இது, பள்ளிக்கு அது, ஸ்டுடியோ கட்டித் தருகிறோம் என்று. சாக்ரமெண்டோவில் மரம் நட்டுத் தருவதாகக்கூடச் சொன்னார்கள். கேபிளுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், யாரும் கேட்கவில்லை. உரிமம் கைக்கு வந்த பிறகு, இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று பேரத்தைத் திரும்பத் திறந்த கம்பெனிகள் பல.

இந்தக் கூத்துக்குக் கடிவாளம் போட்டது 1984-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம். உரிமம் கொடுக்கும் உரிமை ஊர்களுக்கே என்று எழுதியது அந்தச் சட்டம்தான். அந்தக் கையைக் கட்டியதும் அதே சட்டம்தான். உரிமக் கட்டணம் கேபிள் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எந்தச் சேனல் வர வேண்டும் என்று ஊர் சொல்ல முடியாது. காலம் முடிந்ததும் பிடிக்கவில்லை என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. பழைய உரிமத்தின் நிபந்தனைகளை மீறினார்கள், சேவை மோசம், இனி நடத்தத் தகுதியில்லை, ஊரின் வருங்காலத் தேவைக்கு அவர்கள் திட்டம் ஈடுகொடுக்காது, இந்த மாதிரிக் காரணம் ஒன்றை விசாரணையில் காட்டியாக வேண்டும். 1992-இல் வந்த சட்டம் ஒரே கம்பெனிக்கு ஏகபோகமாக எழுதிக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் இரண்டாவது கம்பெனி வரவே இல்லை. ஒரு ஊரில் இரண்டு பேர் கம்பி இழுத்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

விலை விஷயம் இருக்கிறதே, அதுதான் எங்கள் பொதுக் கூட்டங்களில் வயிற்றெரிச்சல். உரிமம் முடிவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிடும். அதில் ஒரு கட்டமாக ஊர் மக்களைக் கூப்பிட்டுக் குறை கேட்க வேண்டும். டவுன் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். ஒரு பாட்டி கையில் நான்கைந்து பில்லோடு மைக்குக்கு வருவார். "போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு. இந்த ஸ்போர்ட்ஸ் கட்டணம் எனக்கு எதற்கு? நான் ஸ்போர்ட்ஸே பார்ப்பதில்லை" என்பார். கைதட்டல். எங்கள் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, விலையில் நாங்கள் தலையிட முடியாது" என்பார். அப்புறம் பாட்டி பில்லில் ஒரு வரியில் விரல் வைப்பார். "உரிமக் கட்டணம்" என்று போட்டிருக்கும். "இது மட்டும் உங்களுக்கு வருகிறதே?" இந்தக் கட்டணத்தைத் தனியாகக் காட்டிக்கொள்ளக் கம்பெனிக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. மற்ற ஏற்றமெல்லாம் பெயர் தெரியாமல் கலந்துவிடும், ஊர் வாங்குவது மட்டும் பெயரோடு நிற்கும்.

விலையில் கட்டுப்படுத்த மிஞ்சியிருந்தது அடிப்படைச் சேனல் தொகுப்பு ஒன்றுதான். அதுவும், போட்டி இருக்கிற இடத்தில் கிடையாது. 2019-இல், எஃப்.சி.சி. எனப்படும் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் மாசசூசெட்ஸில் சார்ட்டர் சேவை செய்த ஊர்களைப் பற்றி ஒரு முடிவு சொன்னது. இன்டர்நெட் வழியாக ஏடி அண்ட் டி அப்போது நடத்திய டிவி சேவை அங்கே கிடைக்கிறது, ஆகவே போட்டி இருக்கிறது என்றது. ஊரில் ஒரு அடி கம்பிகூட இழுக்காத சேவை! மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரி என்றுவிட்டது.

அப்படியென்றால் அந்த 5 சதவீதம் எங்கே போகிறது? எங்கள் ஊரில் அநேகமாக எல்லாம் உள்ளூர்ச் சேனலுக்குத்தான். பொதுமக்கள், பள்ளி, ஊராட்சி என்று மூன்று வகைக்கும் சேனல் கேட்டு வாங்க அந்த 1984 சட்டத்தில் இடம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியின் கீழ்த்தளத்தில் ஸ்டுடியோ. கேமரா பிடிப்பது பெரும்பாலும் மாணவர்கள். பனி அள்ளும் லாரி வாங்கலாமா வேண்டாமா என்று ஊர்க்கூட்டம் ராத்திரி பதினோரு மணி வரை சண்டை போடும். வேறு எந்த டிவியும் அதைக் காட்டாது. அந்தப் பகுதியில் தினசரிப் பத்திரிகை செத்துப் பல காலம். பள்ளி வாரியத்தில் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சேனல் ஒன்றுதான் வழி.

ஊர் ஊராகப் பேரம் பேச நேரமில்லை என்று டெலிபோன் கம்பெனிகள் டிவி தொழிலுக்கு வந்தபோது புகார் சொன்னார்கள். 2005-இல் டெக்சாஸ் மாநிலமே நேரடியாக உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. மறு வருடம் கலிபோர்னியா. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்த வழியில் போய்விட்டன. பணம் ஊருக்கு வரும், பேச்சு மாநிலத் தலைநகரில் நடக்கும். எங்கள் மாநிலம் இன்னும் ஊர்களிடமே விட்டிருக்கிறது.

ஆனால் நிஜமான ஓட்டை வேறிடத்தில். அதே கம்பி வழியாகத்தான் இன்டர்நெட்டும் வருகிறது. 2002-இல் எஃப்.சி.சி. அதைக் கேபிள் சேவையே அல்ல என்று வகைப்படுத்தியதால், அந்த வருமானத்தில் உரிமக் கட்டணம் கிடையாது. ஆட்கள் கேபிள் டிவியை வெட்டிவிட்டு நெட்ஃபிளிக்ஸுக்குப் போகிறார்கள். கம்பெனிக்கு இன்டர்நெட் பணம் வருகிறது, ஊருக்கு வரும் 5 சதவீதம் வருடா வருடம் கரைகிறது. ஒஹையோவில் மேப்பிள் ஹைட்ஸ் என்ற சின்ன நகரம் நெட்ஃபிளிக்ஸ், ஹூலு மேல் வழக்குப் போட்டுப் பார்த்தது. 2022-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது: அவர்கள் தெருவில் கம்பி போடவில்லை, எனவே அனுமதி தேவையில்லை. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. தெருவைத் தொடாதவரிடம் தெருவுக்கு வாடகை கேட்க முடியாது.

தெருவைத் தொடுகிறவரிடம் கேட்கலாமே. கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல், எத்தனை மைல் கம்பி இருக்கிறது என்று பார்த்துக் கட்டணம் போடலாம் என்பது என் கட்சி. இன்றைய மத்திய விதிகள் அதற்கு வழிவிடவில்லை. கேபிள் கம்பெனி தன் கம்பியில் இன்டர்நெட் நடத்துவதற்கு ஊர் தனியாகக் கட்டணம் கேட்கக் கூடாது என்று 2019-இல் எஃப்.சி.சி. உத்தரவு போட்டது. 2021-இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது. இதற்கிடையே சில சின்னக் கேபிள் கம்பெனிகள் டிவியையே கைவிட்டு இன்டர்நெட் மட்டும் விற்க ஆரம்பித்துவிட்டன. டிவி இல்லையென்றால் கேபிள் உரிமம் எதற்கு? அது இல்லையென்றால் அந்தக் கம்பி எந்தக் கணக்கில் ஊர்த் தெருவில் தொங்குகிறது? அடுத்த புதுப்பிப்பு வருவதற்குள் எங்கள் ஊர் வக்கீல் இதற்குப் பதில் எழுதித் தர வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் நான் பதவியை விட்டேன்.

நன்றி, வணக்கம்.